திண்டுக்கல் பள்ளம்

அறிவுச்செல்விக்குக் கோபம் வந்தால் கன்னிவாடி மலையடியில் மேய்கிற ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் மிகை. ஆடுகள் பார்க்காது. மேய்க்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். கம்பெனியில் அந்தப் பெண் வந்துவிட்டாள், மணி ஒன்பதரை என்று தெரிந்துகொள்வார்கள்.

கம்பெனி, திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி போகிற ரோட்டில் புளியமரங்களுக்குப் பின்னால் இருந்தது. முதலாளி மதியழகன் ஒரு காலத்தில் கொசுவலை பின்னினார். பிறகு வெங்காயத்துக்கு வலைப்பை பின்னினார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒருவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தால் உள்ளே ஒரு வலையை வைத்துத்தான் தைக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். மதியழகன் பாயசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கொசுவைத் தடுத்தவருக்குக் குடலைத் தடுப்பது பெரிய காரியமா என்று எழுந்து வந்துவிட்டார். வந்தவர் தூசி புகாத கண்ணாடி அறை கட்டி, வெளியூரிலிருந்து பின்னல் மிஷின் இறக்கி, வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி, கடைசியில் அறிவுச்செல்வியை வேலைக்கு எடுத்தார். இதில் எது ரொம்பச் செலவு வைத்தது என்று கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் சொல்வார். அவளுக்குக் கொடுத்த சம்பளத்தைச் சொல்லவில்லை. அவள் உடைத்த மேஜைகளைச் சொல்கிறார்.

அவள் வேலை வலைக்கு உருவம் கொடுப்பது. அடிவயிற்றுச் சுவரில் ஓர் இடம் தளர்ந்துபோனால் அதன் வழியாகக் குடல் வெளியே எட்டிப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் ஹெர்னியா என்பார்கள், வாழைத்தார் மண்டியில் ‘எறங்கிருச்சு’ என்பார்கள். அந்த ஓட்டைக்கு உள்பக்கமாக வலையை வைத்துவிட்டால் சதை அதன்மேல் படர்ந்து சுவர் கெட்டியாகிவிடும். சாதாரண வலை தட்டையாக, கைக்குட்டை மாதிரி இருக்கும். மனுஷனுடைய உள்பக்கமோ தட்டையாக இல்லை. எலும்பு ஏறுகிறது, ரத்தக்குழாய் இறங்குகிறது, சதை வளைகிறது. கைக்குட்டையைக் கொண்டுபோய்ப் பானைக்குள் ஒட்டினால் சுருக்கம் விழாமல் என்ன செய்யும்? அதனால் அந்த வளைவுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் அச்சு வரைந்து, அதை உலோகத்தில் கடைந்து, வலையை அதன்மேல் சூடாக அழுத்திச் சிப்பிபோல் குழித்து எடுப்பாள். செருப்பு மாதிரி வலதுக்கு வேறு, இடதுக்கு வேறு.

அப்படிக் குழித்த வலைகள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன. அவள் கோபத்தின் வேரே அங்கேதான் இருந்தது. எந்த வலையை எடுத்தாலும் அது வெளிநாட்டுக்காரன் இடுப்பை அளந்து செய்தது. பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுகிற இடுப்புக்குச் செய்ததைக் கொண்டுவந்து, காலை நாலு மணிக்கு வாழைத்தார் சுமக்கிறவன் இடுப்புக்குள் வைக்கிறார்கள். வைக்கிறவனும் கேட்பதில்லை, செய்கிறவனும் கேட்பதில்லை. இதைச் சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து பொறி பறக்கும். ஒருமுறை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த வெங்காயச் சருகு பற்றிக்கொண்டது என்கிறார்கள்.

அவள் அப்பா சடையாண்டி, திண்டுக்கல் வாழைத்தார் மண்டியில் சுமை தூக்குகிறவர். அதனால் அது அவளுக்கு வெறும் கொள்கையாக இல்லை. வீட்டுச் சண்டையாக இருந்தது.

மண்டி ஆட்களையே அளப்பது என்று முடிவு செய்தாள். ஊருக்குள் டாக்டர் பழனிக்குமார் ஆபரேஷன் செய்கிற தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் இருந்தது. அதை ஓட்டுகிறவன் அயாஸ், பேகம்பூர்க்காரன், தங்கமான பையன். சுமைக்காரர்களிடம் சம்மதம் கேட்டு, வயிற்றுவலி, கல் அடைப்பு என்று வந்தபோது எடுத்த படங்களை வாங்கி, அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றி உருவம் எடுத்தாள். எடுத்தவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முன்பக்கம் வந்து சேருகிற இடத்துக்கு மேலே, எல்லோருக்கும் ஒரு பள்ளம் இருந்தது. விரல் கிடத்தலாம்போல, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற பள்ளம். வெளிநாட்டுப் படங்கள் எதிலும் அது இல்லை.

மதியழகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பில் பள்ளம் இருக்கிறது என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்றார். டாக்டரும் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ வயிற்றுக்குள் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையே என்றார். “நீங்க தேடல சார்,” என்றாள் அறிவுச்செல்வி. “புத்தகத்துல இல்லாதத நம்ம ஊரு உடம்புல தேடணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல.” பிறகு அவள் பேசியது ஒரு மணி நேரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணாடி அறைக்குள் முகமூடி போட்டு வேலை பார்த்த பெண்கள் முகமூடியைக் காதுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் சொன்னது புரிந்து ஒத்துக்கொண்டார்களா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதால் ஒத்துக்கொண்டார்களா என்பது யாருக்கும் தெரியாது.

ஒத்துக்கொண்ட பிறகு அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மதியழகன் அதற்குத் ‘திண்டுக்கல் பள்ளம்’ என்று பெயர் வைத்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஓர் இடுப்பை வரைந்து பலகை வைத்தார். டாக்டர் கட்டுரை எழுதத் தொடங்கினார். அதைவிட ஆச்சரியம், ஆபரேஷன் செய்கிற ஒவ்வொரு வயிற்றிலும் இப்போது அவர் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட ஆரம்பித்தது. பள்ளத்தில் பொருந்தும்படி வலையில் ஒரு வரப்பு எழுப்பி, வலது இடது இரண்டுக்கும் அச்சு கடைந்து, ஆட்களுக்கு வைத்துப் பார்க்க முறைப்படி அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

மண்டியில்தான் கொண்டாட்டம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தார் தூக்கித் தூக்கி விழுந்த பள்ளமடா இது, எவனுக்கு வரும் இப்படி ஓர் இடுப்பு என்று சுமைக்காரர்கள் டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மதுரையிலிருந்து வந்த லாரிக்காரன் ஒருவனிடம், உனக்குப் பள்ளம் இருக்கா, கிடையாதுல்ல, அப்ப ஓரமாப் போ என்று சொல்லி வண்டியை நகர்த்தச் சொன்னார்களாம். சடையாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அளவெடுத்த இடுப்புகளிலேயே படம் சுத்தமாக விழுந்தது தன் இடுப்பு என்றும், பலகையில் வரைந்திருப்பது தன்னுடையதுதான் என்றும் சொல்லிக்கொண்டார். பலகையில் இருந்த இடுப்பு சினிமாக்காரன் இடுப்பு மாதிரி இருந்தது. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

அவருக்கே வலது பக்கம் இறங்கி வருஷக்கணக்காகிறது. துணியைச் சுருட்டி வைத்து, மேலே கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு தார் தூக்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் என்றால் ஓடுவார். இப்போது தானாக வந்து படுக்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை. “முத வல எனக்குத்தான். எம் மக செஞ்சத எவனோ ஒருத்தன் வயித்துல வச்சுட்டுப் பெறகு எனக்கு வைக்காதீக.” டாக்டர் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். மதியழகன் அன்று சாயங்காலமே விழா வைத்துக்கொள்ளலாம் என்று பந்தலுக்குச் சொன்னார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு ஸ்கேன் எடுக்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இத்தனை நாளும் படங்கள்தான் அவளைத் தேடி வந்தன. எடுக்கிற அறைக்குள் அவள் நுழைந்ததே இல்லை. சடையாண்டி மேஜைமேல் மல்லாந்து படுத்தார். இடுப்பில் வெள்ளி அரைஞாண், அவர்கள் பேச்சில் அருணாக்கொடி, விரல் தடிமன். மண்டி ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள், அயாஸும் சொல்லி அலுத்துவிட்டான். அவன் பேசிக்கொண்டே வந்து, இரண்டு விரலால் கொடியைப் பிடித்து, பழக்கப்பட்ட கையால் சர்ரென்று தொப்பைக்குக் கீழே, தொடைச் சந்து வரைக்கும் இறக்கிவிட்டான்.

“என்ன செய்யற?” என்றாள்.

வெள்ளி குறுக்கே கிடந்தால் படத்தில் கோடு கோடாக நிழல் விழும் என்றான் அயாஸ். டாக்டருக்கு வேண்டியது வயிறு, கிட்னி. அதனால் கொடியைக் கீழே தள்ளிவிட்டால் மேலே சுத்தமாக விழும். கீழே விழுகிற நிழலை என்ன செய்வாய் என்று கேட்டாள். அதைக் கம்ப்யூட்டரே துடைத்துவிடும் அக்கா, துடைத்த இடத்தில் சதை எப்படி இருக்கும் என்று அதுவாக ஊகித்து நிரப்பிவிடும், உங்களுக்கு எப்போதும் துடைத்த படத்தைத்தான் அனுப்புவேன் என்று பெருமையாகச் சொன்னான்.

எல்லாருக்கும் இதே இடத்துக்குத்தான் தள்ளுவியா என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றான்.

அறிவுச்செல்விக்கு அந்த இடத்தில் கோபம் வரவில்லை. அயாஸ் பயந்துபோனது அதனால்தான். அவள் கொடியைப் பார்த்தாள், அது கிடந்த இடத்தைப் பார்த்தாள். பள்ளத்தின் இடம் அது. பள்ளத்தின் தடிமன் அது. ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட பள்ளம், ஓர் அரைஞாண் கொடியின் நிழல். இல்லாத பள்ளத்துக்கு அவள் எழுப்பிய வரப்பு, வியாழக்கிழமை அப்பாவின் வயிற்றுக்குள் போகும். வரப்பு முட்டிக்கொண்டு நிற்க, வலை சதையோடு ஒட்டாது. ஒட்டாத இடத்தில் நீர் கட்டும், ஓரம் சுருளும், சுருண்ட ஓரத்தின் வழியாகக் குடல் மறுபடியும் இறங்கும். இரண்டாவது முறை கிழிப்பது முதல் முறையைப் போல லேசில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தாள். பிறகுதான் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனி வரைக்கும் வழியில் இருந்த நாய்கள் எல்லாம் கடைகளுக்குள் ஏறிக்கொண்டன.

மதியழகன் நம்பவில்லை. நீதானேம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாய் என்றார். அதே மேஜையை இப்போது வேறு பக்கமாகத் தட்டினாள். டாக்டர் போனில், என் விரலுக்கே தட்டுப்படுகிறதே என்றார். அவள் கத்தியது பழையபடிதான், அன்றைக்கு ஜெயித்த அதே குரல்தான். ஆனால் ஒரே குரலில் ஒரு தடவை இருக்கிறது என்றும் ஒரு தடவை இல்லை என்றும் கத்தினால், கேட்கிறவன் தனக்கு வசதியானதைத்தான் பிடித்துக்கொள்வான். காட்டு, நம்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கேன் அறை காலியாக இருந்தபோது, அயாஸ் தன் மாமு கறிக்கடையிலிருந்து உரித்த ஆட்டின் பின்பாதியை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தான். மேனேஜர் பார்த்தால் என் வேலை போயிரும்க்கா என்று புலம்பிக்கொண்டேதான் படுக்க வைத்தான். அறிவுச்செல்வி கால் கொலுசு இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று கோத்து, ஆட்டின் இடுப்பில் கட்டி, தொடைச் சந்துக்கு இறக்கினாள். படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் துடைத்தது, நிரப்பியது. ஆட்டுக்கும் வந்துவிட்டது திண்டுக்கல் பள்ளம், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அச்சு அசலாக. கொலுசைக் கழற்றிவிட்டு எடுத்தார்கள். பள்ளம் இல்லை. திண்டுக்கல்லில் கறியை வீணாக்கினான் என்ற பெயர் தன் வம்சத்துக்கு வந்துவிடக் கூடாது என்று அயாஸ் அன்று சாயங்காலமே சீரகச் சம்பாவில் அதற்கு நல்லடக்கம் செய்தான்.

திங்கட்கிழமை அந்தப் படங்களை முதலாளியின் மேஜைமேல் பரப்பினாள். மதியழகன் உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஆட்டுக்கும் இருக்கா,” என்றார். “அப்ப இது நம்ம மண்ணு வாகும்மா. தண்ணி வாகு. பலகைல ஆட்டையும் சேத்து வரைஞ்சிருவோமா?”

அந்த மேஜையின் கால் உடைந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் அப்படிப் பேசவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆடு ஆடுதான், மனுஷனில் காட்டு என்றார். ஒரே ஆளைக் கொடியோடு ஒன்று, கொடி இல்லாமல் ஒன்று. அதைக் காட்டினால் வியாழக்கிழமை நான் கையை எடுத்துக்கொள்கிறேன், காட்டாவிட்டால் வலையும் உள்ளே போகும், கட்டுரையும் வெளியே போகும்.

கொடியோடு எடுத்த படம் அப்பாவுடையது ஏற்கெனவே இருந்தது. கொடி இல்லாமல் ஒன்று வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு மண்டிக்குப் போனாள்.

சடையாண்டி அப்போதுதான் லாரியிலிருந்து கடைசித் தாரை இறக்கி வைத்து, வலது பக்கத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. பள்ளம் இல்லை என்று மகளே சொல்கிறாள், அதைக் காட்ட அருணாக்கொடியை அவிழ்க்கச் சொல்கிறாள். சுற்றியிருந்த சுமைக்காரர்கள் தாரை அப்படியே போட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். தங்கமுத்து என்கிறவர், மண்டியிலேயே வாய் நீளம், ஏம்மா, உங்க கம்பெனிக்காரங்க எங்க பள்ளத்தை எடுத்து எவனுக்காச்சும் வித்துட்டாங்களா என்று கேட்டார்.

“அருணாக்கொடிய எப்ப அவுப்பாங்கன்னு தெரியும்ல ஒனக்கு?” என்றார் சடையாண்டி. மண்டியே கேட்கிற குரல். அவள் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அன்று தீர்ந்திருக்கும். “பாடையில ஏத்துறதுக்கு முன்னாடி அவுப்பாங்க. அம்புட்டு அவசரமா?”

“அந்த வலைய வச்சா ஏத்தத்தான் வேணும், அதுக்குத்தான் சொல்றேன்,” என்று அவளும் கத்தினாள். ஒரு தார் வாழை அங்கேயே பழுத்துவிட்டது என்பது தங்கமுத்து பிறகு சொன்னது. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ரெண்டு சீப்பு பழுத்திருக்கலாம். அப்பனும் மகளும் மாறி மாறிப் பேசினார்கள். நீ வரைந்ததுதானே என்று அவர் கேட்டார். ஆமாம், நான்தான், அதனால்தான் கேட்கிறேன் என்றாள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே என்றார். ஊரா உன் வயிற்றை வைத்துக்கொண்டு படுக்கப் போகிறது என்றாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது. அவர் கோபத்துக்குள் இருந்தது பயம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

“வெறும் இடுப்பா ஒரு நொடி நிக்கக் கூடாது ஆத்தா. கொடி தேஞ்சு மாத்துறதுன்னாலும் புதுசக் கட்டிட்டுத்தான் பழச அவுக்கணும். எங்காத்தா எனக்கு அப்படித்தான் மாத்துனா.”

“புதுசக் கட்டிட்டுத்தான,” என்றாள் அவள். பிறகு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி, கோயில் வாசல் பூக்கடையில் கறுப்பு நூல்கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். நூலுக்கு நிழல் கிடையாது. ஸ்கேன் மிஷின் கண்ணுக்கு அது காற்று மாதிரிதான்.

“இத முதல்ல கட்டு,” என்றாள். “கட்டிட்டு அத அவுரு.”

சடையாண்டி கயிற்றைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். தப்பு என்று சொல்ல யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. தங்கமுத்து மட்டும், கயித்துல முடிச்ச நல்லாப் போடுண்ணே, கொடிதான் போகுது, மானமும் போயிறப் போகுது என்றார்.

ஸ்கேன் அறையில் அன்று டாக்டரும் வந்து நின்றார். மதியழகனும் வந்தார். சடையாண்டி முதலில் நூலைக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் வெள்ளியை அவிழ்த்து மகள் கையில் கொடுத்தார். அது சூடாக இருந்தது. படம் ஓடியது. உருவம் எழும்பியது. எலும்பு ஏறியது, சதை வளைந்து இறங்கியது. நடுவில் விரல் கிடத்துகிற பள்ளம் எதுவும் இல்லை. வாழைப்பட்டை மாதிரி வழவழவென்று கிடந்தது.

மதியழகன் மிஷின் சரியில்லை என்றார். இந்த ஆள் உடம்பு இன்றைக்குச் சரியில்லை என்றார். நூலை அவிழ்த்துவிட்டு எடுத்தால் பள்ளம் வரலாம் என்றார். பலகை, பந்தல், அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொதித்தார். டாக்டர் தன் வலது கை ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் வயிற்றில் உனக்குத் தட்டுப்பட்டதே என்று அந்த விரலைக் கேட்பதுபோல இருந்தது. பிறகு திரும்பி அறிவுச்செல்வியிடம் சீறினார். நல்லா இருந்த என் விரலைக் கெடுத்தது நீதானே என்றார்.

“நான்தான்,” என்றாள். “கத்தித்தான் ஜெயிச்சேன். எனக்கு எல்லார் மேலயும் கோவம், எம்மேலதான் ரொம்ப. ஆனா அன்னைக்கு நான் கத்துனப்ப உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர், ‘போய் ஒரு ஆளப் படுக்க வச்சு நீயே நின்னு பாத்துட்டு வா’ன்னு சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு தலையாட்டிட்டீங்க. எங்கப்பா வயிறு சார் அது.”

மேஜைமேல் படுத்திருந்த சடையாண்டி, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். எனக்குக் குளிருது, பேசறவங்க வெளியே போய்ப் பேசுங்க என்றார்.

டாக்டர் அந்த வலையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் தொடாவிட்டால் சோதனை நடக்காது. பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மதியழகன் வரப்பு வைத்த அச்சுகளைத் தன் அறையிலேயே பூட்டி வைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆனால் அவரைக் குறைத்து எடைபோட முடியாது. அடுத்த வாரமே பலகையில் பள்ளத்தின்மேல் வெள்ளை அடித்து, ‘பள்ளமற்ற தூய திண்டுக்கல் இடுப்பு’ என்று எழுதிவிட்டார்.

மண்டிதான் ஆறவில்லை. கையில் வந்த பெருமையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அவள் போகிற வழியில் சுமைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் அவள் விடவில்லை. பூக்கடைக் கயிற்றை ஒரு பந்தாக வாங்கி, அடுத்தடுத்து ஸ்கேனுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, நூலைக் கட்டு, வெள்ளியை அவிழ் என்று நின்றாள். புதிய படங்களில் ஒன்று உண்மையாகவே தெரிந்தது. அவர்கள் இடுப்பின் உள்வாய், வெளிநாட்டு அச்சைவிடக் கொஞ்சம் குறுகலாக இருந்தது. அந்த வலை இவர்களுக்கு ஓரத்தில் மடங்குகிறது. அவள் முதலில் பட்ட கோபம் பொய்யில்லை, பள்ளம்தான் பொய். இதைச் சந்தோஷமாக மண்டியில் போய்ச் சொன்னாள்.

“குறுகலா?” என்றார் தங்கமுத்து. “ஏத்தா, பள்ளமாவது வெளிய சொல்லிக்கற மாதிரி இருந்துச்சு. இத உன்னோட வச்சுக்க.”

இதற்கெல்லாம் முன்னால், அந்த வியாழக்கிழமையே ஆபரேஷன் மட்டும் குறித்தபடி நடந்திருந்தது. சாதாரணத் தட்டை வலை. ஓரம் மடங்காமல் இருக்க டாக்டர் அதைச் சுற்றிலும் நறுக்கிச் சின்னதாக்கி, நிதானமாகத் தைத்தார். சடையாண்டிக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் இடுப்பைத்தான் தடவினார். நூல் இருந்தது. பிறகு மகளைப் பார்த்து, எந்த வலை வைத்தார்கள் என்று கேட்டார். தட்டை என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியை விட்டு வருகிற வரைக்கும் டாக்டரிடம் பேசினார், நர்சிடம் பேசினார், பக்கத்துக் கட்டில்காரரின் விருந்தாளிகளிடம்கூட வெங்காய விலை பேசினார். மகளிடம் பேசவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்து, கடைசியில் எவன் செய்ததோ ஒரு கைக்குட்டையை உள்ளே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, நிற்கிற தெம்பு வந்ததும், கொடியைக் கொடு என்று கையை நீட்டினார். அவளே கட்டிவிடப் போனாள். கையைத் தட்டிவிட்டு, நூலுக்கு மேலே வெள்ளியைத் தானே கட்டி, பூட்டு மாட்டி, இழுத்துப் பார்த்தார். அதன் பிறகும் நூலை அவிழ்க்கவில்லை.

“புதுசு எப்பச் செஞ்சு முடிப்ப?” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

சரியா வர வருஷம் ஆகும் என்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு ஆளையும் நின்று பார்த்துத்தான் வரைவேன் என்றாள்.

“ஆகட்டும்.” இடது பக்கம் அடிவயிற்றைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார், மாட்டை விலை பேசுகிறவன் தட்டுவதுபோல. “இந்தப் பக்கம் இன்னும் எறங்கல. இதுக்கு உன்னோடதுதான். வேற எவன்ட்டயும் காட்ட மாட்டேன்.”

“இறங்குற வரைக்கும் எதுக்குத் தூக்கற? நாளைலருந்து மண்டிப் பக்கம் போன, கால ஒடைச்சிருவேன்,” என்றாள் அறிவுச்செல்வி.

மலையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மணி ஒன்பதரை இல்லை. அன்றைக்கு அவர்களுக்குக் கணக்குத் தப்பிவிட்டது.